படத்துக்கு அடியில் கிடந்த நாடகம்: ஒரு மேடைப் பிரதியை மீட்ட நிகழ்வு ஆய்வு

சென்னையில் இயங்கும் சிறிய அமெச்சூர் நாடகக் குழு ஒன்று, மறைந்த நாடகாசிரியர் ஒருவரின் புகழ்பெற்ற நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது. ஆரம்பித்தபோது நாலு மாத வேலை என்று நினைத்தோம். பதினாலு மாதம் ஆனது. அந்தக் குழுவில் பிரதி வேலை என்னுடையது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய நாடகம் ஒன்றைக் கையில் எடுக்கும் வேறு குழுக்களுக்குப் பயன்படும். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி நாடகாசிரியரின் பெயரும் நாடகத்தின் பெயரும் இதில் இல்லை. மற்றவர்களின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

நாடகாசிரியர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் எழுதியவர். அந்தத் தலைமுறைக்கு இது புதிதல்ல. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்தபடிதான் நாடகம் போட்டார். அவருடைய 'சர்வர் சுந்தரம்' 1964இலும் 'மேஜர் சந்திரகாந்த்' 1966இலும் படமாக வந்தன. பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை, வார இறுதியில் சபாவில், அதாவது உறுப்பினர்களுக்காக நாடகம் ஏற்பாடு செய்யும் சங்கத்தில், நாடகம் என்று ஓடிய வாழ்க்கை அது. ஒரு நாடகம் சபாக்களில் பேசப்பட ஆரம்பித்தால் படத் தயாரிப்பாளர்கள் வந்து பார்ப்பார்கள். எங்கள் நாடகாசிரியரின் நாடகத்தையும் வந்து பார்த்தார்கள். மேடையேறிய மூன்றாம் ஆண்டில் அது படமாகிவிட்டது. கதை, வசனம் இரண்டும் அவரே. படம் நன்றாக ஓடியது. அப்புறம் வேலையை விட்டுவிட்டுப் பதினைந்து வருடம் போல சினிமாவுக்கு வசனம் எழுதினார். இடையிடையே நாடகமும் எழுதினார். கடைசிக் காலத்தில் முழுக்க மேடைக்கே திரும்பினார். ஆனால் அதற்குள் சபாக்களில் கூட்டம் மெலிந்துவிட்டிருந்தது.

நாடகத்தின் கதை சின்னது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வீட்டை அடமானம் வைக்கிறார். மனைவிக்கும் மகனுக்கும் தெரியாது. வட்டி கட்ட முடியாமல் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகின்றன. கடன் கொடுத்தவர் வந்து வந்து போகிறார். கடைசியில் விஷயம் வெளியே வருகிறது. படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் முதலில் ஞாபகம் வருவது கடன் கொடுத்தவர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, குரலை உயர்த்தாமலே பயமுறுத்தும் பேச்சு. அந்த வேடத்தில் நடித்தவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது.

எங்கள் குழுவில் பதினொரு பேர். இருவரைத் தவிர எல்லாரும் நாற்பது வயதுக்குள். அந்த நாடகத்தை மேடையில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. படத்தை எல்லாரும் பார்த்திருந்தோம்.

முதல் முடிவு: படத்திலிருந்து எழுதி எடுப்பது

நாடகம் நூலாக வரவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடினோம், நூலகங்களில் கேட்டோம். நாடக நோட்டீஸ் ஒன்று கிடைத்தது, பிரதி கிடைக்கவில்லை. தமிழ் நாடகத்தில் இது பழகிப்போன சிக்கல். பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடகங்களை அச்சில் கொண்டு வந்தார். அதனால் 'மனோகரா' நாடகத்தையும், மு. கருணாநிதியின் வசனத்தில் 1954இல் வந்த படத்தையும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நூலாகவும் இருக்கிறது, பாலசந்தர் இயக்கி 1981இல் வந்த படமாகவும் இருக்கிறது. சபா நாடகங்கள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எழுதியவர் கையில் ஒன்று, மேடையோரம் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் கையில் ஒன்று, நடிகர்களிடம் அவரவர் பாடம் மட்டும். குழு கலைந்தால் எல்லாம் போச்சு.

ஆகவே படத்தைப் பார்த்தே நாடகத்தை எழுதி எடுப்பது என்று முடிவு செய்தோம். கதை அவருடையது, வசனமும் அவருடையது. பாட்டையும் சண்டையையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நாடகம்தானே என்பது எங்கள் கணக்கு. இந்தக் கணக்கில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று வாரத்தில் முழுப் படத்தையும் எழுதி எடுத்தோம்.

ஒத்திகையில் கண்டது

எழுதி எடுத்ததில் 64 காட்சிகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துச் சேர்த்து 22 ஆக்கினோம். அப்படியும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விளக்கு அணைய வேண்டியிருந்தது. நடிகர்கள் இருட்டில் நாற்காலி நகர்த்துவதிலேயே களைத்துப் போனார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, படத்தின் முக்கியமான இடங்களில் வசனமே இல்லை. உதாரணமாக, வக்கீல் நோட்டீஸ் வந்து தலைமை ஆசிரியர் அதைப் படிக்கும் காட்சி. படத்தில் அவர் முகம் மட்டும் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்குள் கண் மெல்ல நகரும். அவ்வளவு போதும். மேடையில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மனிதர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரியும். சரி, அங்கே நாலு வரி சேர்க்கலாம் என்று நான் எழுதினேன். அடுத்த காட்சிக்கும் எழுதினேன். ஐந்தாவது வாரம் எண்ணிப் பார்த்தால் என் கையெழுத்தில் பத்துப் பக்கம் சேர்ந்திருந்தது. தலைமை ஆசிரியராக நடித்த நண்பர் ஒருநாள் பிரதியைக் கீழே வைத்துவிட்டு, "இதுல எது அவர் எழுதினது, எது நீ எழுதினது?" என்று கேட்டார். நான் காட்டினேன். அன்றைக்கு ஒத்திகையை நிறுத்திவிட்டோம்.

கடன் கொடுத்தவர் வேடம் வேறு மாதிரித் தொல்லை. அதை ஏற்ற பையன் நல்ல நடிகன். ஆனால் வாயைத் திறந்தால் படத்து நடிகரின் குரல்தான் வந்தது. வேண்டாம் என்றால் அதற்கு நேர் எதிராகப் பேசினான். இரண்டுமே அந்தப் படத்தைச் சுற்றியே இருந்தன.

பிரதி தேடிப் போனது

நாடகாசிரியரின் மகள் இதே ஊரில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அனுமதி வாங்கத்தான் போனோம். "ஆறு வாரம் ஒத்திகை பார்த்துட்டு இப்பத்தான் வரீங்களா?" என்பது அவருடைய முதல் கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. இலவசமாகப் போடும் அமெச்சூர் நாடகத்துக்கு அனுமதி தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தோம். காசு வாங்காமல் அமெச்சூர் சங்கங்கள் நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் டிக்கெட் போடுவதாக இருந்தோம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவின் நாடகத்தை எடுக்கிறோம் என்றால் மகளிடம் முதல் நாளே போயிருக்க வேண்டும். இதில் சட்டத்தைப் பேசுவதே சரியில்லை.

அவர் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பரணில் இருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் இரண்டு பொருள்கள் எங்களுக்குத் தேவையானவை.

ஒன்று, டைப் அடித்த கார்பன் பிரதி. ஒவ்வொரு பக்கத்திலும் காவல் துறை முத்திரை. நாடகம் போடும் முன் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதி வாங்குவது அப்போதைய வழக்கம். அதற்கு ஆதாரமாக இருந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013இல்தான். நாடகக்காரர்களுக்கு எவ்வளவோ தலைவலி கொடுத்த நடைமுறை அது. ஆனால் அதன் தயவில்தான் எங்களுக்குத் தேதி போட்ட ஒரு பிரதி கிடைத்தது: படம் வருவதற்கு மூன்று வருடம் முந்தையது.

இன்னொன்று பிராம்ப்டர் நோட்டு. நீளமான கணக்கு நோட்டு, காலிகோ அட்டை, ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. முழு நாடகமும் கையால் எழுதியது. வெட்டியது, சேர்த்தது, நடிகர் மாறியபோது பேர் மாற்றியது, எந்தச் சபாவில் எந்த வரிக்குக் கைதட்டல் என்பது வரை பென்சிலில் குறித்திருந்தது. நாடகம் ஏழே காட்சி. ஒரே செட்: வீட்டுக் கூடம், இடப்பக்கம் வாசல் கதவு, ஈசி சேர், பின்சுவரில் ஒரு ஆணி.

அன்றிரவு அந்த நோட்டைப் படித்து முடித்தபோது மணி மூன்று. கடைசியில் ஒட்டியிருந்த ஒரு தாளைத் தவிர, கடன் கொடுத்தவர் என்று ஒரு பாத்திரமே அதில் இல்லை.

'ம'

நோட்டில் பதினாலு இடத்தில் ஓரமாகச் சிவப்புப் பென்சிலில் 'ம' என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் வேறு குறிப்பு எதுவும் இல்லை. மங்கலாக்கு, அதாவது விளக்கைக் குறைக்கும் குறி என்று முடிவு செய்தேன். டைப் பிரதியில் அந்த இடங்களில் ஒன்றும் இல்லாததால் சந்தேகம் வரவில்லை. எழுதி எடுத்த பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டை வைத்துப் புதிதாக ஒத்திகை ஆரம்பித்தோம். 'ம' வரும்போதெல்லாம் விளக்கு குறைந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தலைமை ஆசிரியர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வெளியே போய் வருவது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. குற்ற உணர்ச்சி, மனக்குழப்பம் என்று ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னோம்.

முதல் மேடையேற்றத்தில் மகனாக நடித்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். நாடகாசிரியரின் மகள் மூலமாக அவரைப் பிடித்தோம். ஒருநாள் ஆட்டோ வைத்து ஒத்திகைக்குக் கூட்டி வந்தோம். இரண்டாம் காட்சி வரை பேசாமல் பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா அடிக்கடி லைட்டை அணைக்கறீங்க?"

'ம' இருக்கிறதே என்று நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிரிக்கவில்லை. "மணி. சைக்கிள் மணி. சைடு விங்ல ஒரு பையன் ஹேண்டில்பார் மட்டும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்" என்றார். விங் என்றால் மேடையின் பக்கவாட்டு மறைவு.

கடன் கொடுத்தவர் சைக்கிளில் வருகிறார். வாசலில் நின்று மணி அடிக்கிறார். தலைமை ஆசிரியர் எழுந்து போகிறார், திரும்பி வருகிறார். நாடகம் முழுக்க அவ்வளவுதான். பார்வையாளர் அந்த மனிதரைப் பார்ப்பதே இல்லை. நோட்டை மறுபடி எடுத்து அந்தப் பதினாலு இடத்தையும் வரிசையாகப் படித்தோம். முதல் மணிக்கு அவர் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு நிதானமாகப் போகிறார். ஐந்தாவது மணிக்கு வாக்கியம் பாதியில் நிற்கிறது. ஒன்பதாவது மணிக்கு, பேச வாயெடுத்தவர் பேசாமலே எழுகிறார். பன்னிரண்டாவது தடவை அடிப்பது பால்காரர் மணி. அவர் அதற்கும் எழுந்துவிடுகிறார். இதை எழுதியவர் சபா மேடையில் என்ன முடியும், என்ன முடியாது என்று துல்லியமாகத் தெரிந்தவர்.

ஒட்டியிருந்த தாள்

நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தின் மேல் வேறு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளில் இருந்த முடிவு படத்தில் வரும் முடிவேதான்: கடன் கொடுத்தவர் உள்ளே வருகிறார், தலைமை ஆசிரியரிடம் படித்த பழைய மாணவர் என்று தெரிகிறது, பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறார். காவல் துறைப் பிரதியில் இது கிடையாது. அதில் தலைமை ஆசிரியர் எழ முயல்கிறார், மனைவி அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டுத் தானே போய் வாசல் கதவைத் திறக்கிறார். வெளிச்சம் உள்ளே விழுகிறது. திரை.

ஒட்டிய தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஓரத்தில் ஈரத் துணி வைத்து மெல்ல உரித்தேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு இது. பழைய மைதா பசை. தாள் வரும்போது அடித்தாளின் மேற்பரப்பையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அடியில் இருந்தது டைப் பிரதியின் அதே முடிவுதான். ஆனால் மனைவி கதவைத் திறந்தபின் பேசுவதாகக் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தது. அது டைப் பிரதியில் இல்லாதது. ஒத்திகையின்போதோ முதல் சில நிகழ்ச்சிகளின்போதோ சேர்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு வரியில் இப்போது மிஞ்சியிருப்பது தொடக்கத்தில் 'இத்தனை நாளா', முடிவில் 'உட்காருங்க'. நடுவில் வெள்ளைத் தாள்.

பின்னாலிருந்து விளக்கைக் காட்டி முதலில் புகைப்படம் எடுத்திருக்கலாம். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் கொடுத்திருக்கலாம். மகளிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையும் திரையும்: ஒப்பிட்டதில் தெரிந்தவை

பெட்டியில் அவருடைய வேறு நாலு நாடகப் பிரதிகளும் இருந்தன. எல்லாவற்றையும் படித்து, படத்தோடும் ஒப்பிட்டேன். இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் எல்லா முடிவுகளும் இதிலிருந்து வந்தவை.

நாடகத்தில் பின்சுவரில் ஒரு ஆணி இருக்கிறது என்றேன். முதல் காட்சியில் அதில் சுவர்க்கடிகாரம் தொங்குகிறது. இரண்டாம் காட்சியில் கடிகாரம் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் யாராவது மணி கேட்டால் தலைமை ஆசிரியர் பழக்கதோஷத்தில் அந்த ஆணியைப் பார்க்கிறார். மூன்றாம் காட்சியில் மனைவியும் பார்க்கிறார், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது அங்கேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் அவர் கதவைத் திறப்பதன் அர்த்தம் அந்த ஆணியில் ஆரம்பிக்கிறது. படத்தில் அதே விஷயம் அடகுக்கடை ரசீதாக வருகிறது. மனைவி புடவை மடிக்கும்போது ரசீது கீழே விழுகிறது, எடுத்துப் படிக்கிறார், கண்ணில் நீர்.

மேடைக்கு எழுதும்போது இல்லாததை வைத்து எழுதினார்: இல்லாத கடிகாரம், வராத மனிதர். படத்துக்கு அவை இரண்டும் கண்ணில் தெரிய வேண்டியிருந்தது. கேமரா வீட்டை விட்டு வெளியே போகும்; போனால் வாசலில் நிற்பவரைக் காட்டத்தான் வேண்டும். அந்த வேடத்துக்குப் பெரிய நடிகர் கிடைத்துவிட்டார் என்றால் அவருக்குக் காட்சிகள் வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. படத்தில் கடன் கொடுத்தவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்கும் காட்சி ஒன்று உண்டு. மனைவி சொம்பைக் கொண்டு வந்து வைத்துவிட்டு நிற்கிறார். அவர் குடித்துவிட்டு, "இந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்பவும் இனிப்புத்தான்" என்கிறார். வீடு தன் கைக்கு வரப்போகிறது என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்ல முடியாது. அதுவும் அவர் எழுத்துதான். நாடகத்தில் இல்லாதது, படத்துக்காகவே எழுதியது. அவருடைய திரை எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி.

ஆனால் படத்துக்கு அப்புறம் அவர் எழுதிய நாடகங்களில் வேறொன்று தெரிகிறது. படத்துக்கு முந்தைய இரண்டு நாடகங்களில் முறையே ஆறும் எட்டும் காட்சிகள். பிந்தைய இரண்டில் பதினேழும் பத்தொன்பதும். ஊருக்குப் போனவன் திரும்பி வந்து சொல்வதாக முன்பு எழுதியிருப்பார். இப்போது விளக்கை அணைத்துவிட்டு அந்த ஊரையே காட்டப் பார்க்கிறார். படுதா, பிளாக் அவுட், அடுத்த இடம். சினிமா ஓர் எழுத்தாளரின் கையில் இப்படி இறங்கும் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தது இதுதான் எனக்கு முதல் முறை. கடைசிக் காலத்தில் எழுதிய, மேடையேறாத ஒரு நாடகத்தின் முதல் அங்கமும் பெட்டியில் இருந்தது. அதில் மறுபடி ஒரே அறை, இரண்டே பேர். அவர் எங்கே திரும்பிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. முடிக்கவில்லை.

உரிமை குறித்த இடையூறு

நோட்டீஸ் அடித்த பிறகு, படத்தின் உரிமை வைத்திருக்கும் தரப்பிலிருந்து போன் வந்தது. கதை தங்களுடையது, மேடையேற்றத் தங்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டோம். படத்தின் பதிப்புரிமை தனி, அதற்கு ஆதாரமான நாடகத்தின் பதிப்புரிமை தனி. நாடகத்தை மேடையேற்றும் உரிமையும் அதைப் படமாக்கும் உரிமையும் வெவ்வேறு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அது வாரிசுகளிடம் இருக்கும் என்று விளக்கினார். ஆனால் எதை எழுதிக் கொடுத்தார் என்பதுதான் முக்கியம், அந்தக் காகிதம் இருக்கிறதா என்றார். மகள் தேடி எடுத்தார். ஒரு பக்கக் கடிதம். 'திரைப்படமாகத் தயாரிப்பதற்கு மட்டும்' என்று அதில் தெளிவாக இருந்தது. நகலை அனுப்பினோம், அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. 'மட்டும்' என்ற அந்தச் சொல்லை எழுதும் அளவுக்கு அவர் விவரமானவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மகளிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ராயல்டி என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். குழுவின் வரலாற்றில் ராயல்டி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

எந்த முடிவைப் போடுவது?

இதில்தான் கருத்து வேறுபாடு வந்தது. மகள் ஒட்டிய தாளில் இருந்த முடிவைப் போடச் சொன்னார். அவர் சொன்ன காரணம் நியாயமானது: அதை ஒட்டியது வேறு யாருமில்லை, அவர் அப்பாதான், கையெழுத்து அவருடையது. எழுதியவரே கடைசியாக மாற்றியதை விட்டுவிட்டு, அவர் கழித்ததை எடுத்துப் போட நாம் யார்?

பழைய நடிகர் வேறு மாதிரிச் சொன்னார். படம் வந்தபின் பார்வையாளர்கள் அந்தக் கடன் கொடுத்தவரைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மணிச் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்ப்பார்கள். யாரும் வராமல் நாடகம் முடிந்ததும் முகம் வாடிவிடும். ஒரு சபா செயலாளர் நேரடியாகவே கேட்டாராம். அதன் பிறகுதான் தாள் ஒட்டப்பட்டது. "அவர் சந்தோஷமா ஒட்டலை. ஆனா ஒட்டினார்" என்றார்.

மூன்று கூட்டம் பேசினோம். ஒட்டிய முடிவில் கடன் கொடுத்தவர் மேடைக்கு வருகிறார். அப்படி வந்தால் கடைசிக்கு முந்தைய பதின்மூன்று மணிகளும் அவர் வருகைக்கான முன்னறிவிப்பாக மாறிவிடுகின்றன. கதவைத் திறக்கப் போகும் மனைவிக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகிறது. ஆணியை அவர் பார்த்த பார்வையும் வீணாகிறது. முதல் ஆறு காட்சிகள் எந்த முடிவை நோக்கி எழுதப்பட்டவையோ அதைப் போட வேண்டும் என்பது என் வாதம். இயக்குநரும் அதையே சொன்னார். எழுத்தாளரின் படைப்பைச் சிதைத்தால் வாரிசுகள் கேள்வி கேட்கலாம் என்பதையும் யோசித்தோம். ஆனால் இரண்டு முடிவும் அவர் எழுதியதுதான், எதைப் போட்டாலும் நாங்கள் ஒரு சொல் சேர்க்கப்போவதில்லை. கடைசியில் முதல் முடிவைப் போடுவது, இரண்டாவது முடிவு எப்படி வந்தது என்பதை நோட்டீஸின் பின்பக்கத்தில் முழுதாக அச்சிடுவது என்று மகளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினோம். சம்மதித்தார். மனம் ஒப்பிச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது.

கிழிந்த அந்த இரண்டு வரிக்குப் பதிலாக நான் எதையும் எழுதவில்லை. மனைவி கதவைத் திறந்துவிட்டு நிற்பார், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டோம்.

நடந்தது

மூன்று நிகழ்ச்சி போட்டோம். முதல் நாள் அரங்கு பாதிதான் நிறைந்தது. மணிச் சத்தத்துக்கு நிஜமான சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றை விங்கில் கட்டி வைத்து, மகன் வேடம் போட்டவரின் தம்பி அடித்தான். பன்னிரண்டாவது மணிக்கு, அது பால்காரர் என்று தெரிந்தும் தலைமை ஆசிரியர் எழுந்தபோது அரங்கில் ஒரு பெரிய மூச்சு கேட்டது. ஒத்திகையில் ஒரு தடவைகூட எங்களுக்கு அது தோன்றியதில்லை.

நாடகம் முடிந்ததும் வயதானவர்கள் சிலர் வந்து, கடன் கொடுத்தவர் ஏன் வரவில்லை, அந்த வசனம் எங்கே என்று கேட்டார்கள். நோட்டீஸின் பின்பக்கத்தைக் காட்டினோம். ஒருவர் படித்துவிட்டு, "நான் எழுபதுகள்ல பார்த்தப்ப வந்தாரே" என்றார். அவர் பார்த்தது தாள் ஒட்டிய பிறகான நாடகம். படம் பார்த்திராத கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. மூன்றாவது நாள் முக்கால் அரங்கு நிறைந்தது. அதில் பெரும்பாலோர் இளைஞர்கள். செலவுக்கும் வரவுக்கும் சரியாக இருந்தது. ராயல்டி போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

மகள் மூன்று நாளும் வந்தார். அப்பா இருந்திருந்தால் இரண்டாவது முடிவைத்தான் போடச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நாடகத்தை நூலாகக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு முடிவும் அதில் இருக்கும்.

இன்னொரு முறை செய்தால்

படத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். பிரதி கிடைக்கும் வரை ஒத்திகை ஆரம்பிக்க மாட்டேன். முதல் வாரத்திலேயே குடும்பத்தாரிடம் போவேன்.

பிராம்ப்டர் நோட்டு கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுப்பேன். ஒட்டியிருப்பது எதுவானாலும் கை வைக்க மாட்டேன். இப்போது முழு நோட்டும் படமெடுத்து மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. மூலம் மகளிடம் இருக்கிறது.

பழைய நடிகர்களை முதலில் தேடுவேன். இதுதான் என்னை இன்றும் வருத்துவது. மனைவியாக நடித்த அம்மையார் வேறு ஊரில் மகனோடு இருப்பதாக ஆரம்பத்திலேயே தெரியும். நாடகம் முடிந்ததும் போய்ப் பார்த்து மரியாதை செய்யலாம் என்று வைத்திருந்தோம். தாள் கிழிந்த பிறகுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி பிறந்தது. போன் செய்தபோது அவர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எண்பது வயது நடிகரிடம் அந்த இரண்டு வரியைப் பற்றிக் கேட்டேன். அந்த நேரத்தில் மகனுக்கு மேடையில் வேலை இல்லை. அவர் விங்கில் நின்று மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாராம். அந்த அம்மா கதவுக்கு வெளியே பார்த்து ஏதோ மெதுவாகச் சொல்வார், அரங்கில் ஒரு சத்தம் இருக்காது என்பது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை.